எல்லாரிடமும் ஆமாம் சொன்ன மதுஷிகா

1

இந்தக் கதை என் மனதில் நெடுநாள் ஊறிக் கிடந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது தொலைபேசியில் வந்தது. மாத்தளையில் ஒரு பாடசாலையின் ஆண்டு மலருக்குப் பொறுப்பான ஆசிரியர் அழைத்தார்.

"சேர், ஏ.எல். பிள்ளைகளுக்கு ஊக்கம் குடுக்கிற மாதிரி ஒரு கதை வேணுங்க. எதிர்கால இலட்சியம் பத்தி. ஒண்ணே ஒண்ணு, கடைசியில அந்தப் பிள்ளை ஏதாவது ஒண்ணா ஆகிடணும்."

"என்னவாக ஆகணும்?"

"டொக்டர்னா நல்லதுங்க. எஞ்சினியர்னாலும் பரவால்ல. போன வருஷம் ஒருத்தர் எழுதின கதையில அந்தப் பையன் கடைசிப் பக்கத்திலயும் யோசிச்சுக்கிட்டே நின்னான். பெற்றோர் முறைப்பாடு பண்ணிட்டாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்னிடம் டொக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லை, கதையும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மதில் ஓரமாக நின்று பக்கத்து வீட்டு அஸ்ராவிடம் புலம்பினேன். அவளும் அப்போதுதான் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையை முடித்திருந்தாள்.

"இலட்சியம் பத்தின கதையா அங்கிள்? அப்ப எங்கட கிளாஸ் மதுஷிகாட கதைய எழுதுங்க. வஹகோட்டைக் கோவிலுக்குப் போற வழி முழுக்க அவ செபமாலை சொன்ன கதை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிச்சக் கதையை அவளிடமிருந்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

பிறகு மதுஷிகாவின் இலக்கத்தை வாங்கி அனுமதி கேட்டேன். "எழுதுங்க சேர்" என்று உடனே சொன்னாள். (அவள் எதற்குமே உடனே சம்மதிப்பாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.) எழுத எழுத அவளுக்கு அனுப்பினேன். அவள் குரல் செய்தியில் பதில் சொன்னாள். அந்தப் பதில்கள் வந்து விழுந்த இடங்களிலேயே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று:

எல்கடுவ மலைமீது பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், கையில் புத்தகத்தோடு மதுஷிகா

[இதை இங்கேயே விடுகிறேன். மலைநாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பனி கூப்பிடாமலே வந்து இறங்குகிறது. அத்தோடு மதுஷிகா அதிகாலையில் எழும்புகிறவள் அல்ல. இது அவளுடைய அம்மா தந்த தகவல்.]

தொடக்கம் இரண்டு:

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ரோஜா பூத்தது போல

[இதை அனுப்பினேன். பதிலாக வந்த குரல் செய்தியில் சொல்லே இல்லை, சிரிப்பு மட்டும். அதில் இன்னொரு பெண்ணின் சிரிப்பும் இருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை.]

தொடக்கம் மூன்று:

மதுஷிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஒரு இலட்சியம்தான் இருந்தது. அது

[அது என்ன? அவளிடமே கேட்டேன். "அதாங்க சேர் பிரச்சினையே" என்றாள்.]

ஆகவே அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். மதுஷிகாவுக்கு வயது பத்தொன்பது. எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில், அம்மா மார்ஜரியோடும் அப்பா சசிக்குமாரோடும் இருக்கிறாள். அம்மா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிறவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மதுஷிகா நன்றாகப் படிப்பாள், நன்றாகச் சாப்பிடுவாள், நன்றாகத் தூங்குவாள். அவளுக்கு முடியாத காரியம் ஒன்றுதான். ஒருவர் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல அவளுக்கு வராது.

3

ஏ.எல். படிக்கிற பிள்ளையைக் கண்டால் நம் ஆட்களுக்கு ஒரு கேள்விதான். "அடுத்து என்ன?" மதுஷிகாவிடமும் கேட்டார்கள். கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஓர் ஆசை தெரியும். மதுஷிகா அந்த ஆசையை வாசித்து அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள்.

முதலில் அம்மா. பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தை அழ, அதைக் கேட்டு எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்த நேரத்தில் மார்ஜரி சொன்னாள்: "ஒரு டீச்சரா ஆகிடு மகள். அழுதா அடக்கத் தேவல்ல, வாயில விரல் வைன்னு சொன்னாப் போதும்."

மதுஷிகா அம்மாவின் களைத்த முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா. கல்வியியற் கல்லூரிக்குத்தான் போகப்போறேன்" என்றாள். சொன்ன கணத்தில் தன் விரல் நுனியில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருப்பது போலவே அவளுக்கு இருந்தது.

இரண்டாவது சிஸ்டர் பெனடிக்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவர். "மகள், ஆண்டவர் உன்னைக் கன்னியர் மடத்துக்குக் கூப்பிடுறது கேக்குதா?" என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கேட்ட மாதிரித்தான் இருக்குதுங்க சிஸ்டர்" என்றாள் மதுஷிகா. சிஸ்டர் கண்ணை மூடி நன்றி சொன்னார்.

மூன்றாவது ஒஸ்வல்ட் மாமா, அம்மாவின் தம்பி. சீகிரியாவில் உல்லாசப் பிரயாணிகளுக்குக் கைட். "ஹோட்டல் லைன்தான் இனி. ரிசெப்ஷன்ல நீ நின்னா எப்பிடி இருக்கும்! எங்க, ஒரு குட் மோர்னிங் சொல்லு பாப்பம்" என்றார். மதுஷிகா சொன்னாள். மாமாவுக்குக் கண் கலங்கியது. "அப்ப ஹோட்டலுக்கு வர்றதானே?" "வர்றேன் மாமா."

நான்காவதுதான் சிக்கலானது. அஸ்ராவுக்குச் சட்டம் படிக்க வேண்டும், அதுவும் கொழும்பில். அவளுடைய வாப்பா அன்ஸார் மாத்தளையில் வாசனைத் திரவியக் கடை வைத்திருப்பவர். மகள் என்றால் உயிர். அதனால்தான் தனியாக அனுப்ப மனமில்லை. ஒரு நாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மதுஷிகாவுக்கு முன்னால் ஏலக்காய் மணக்கும் வட்டிலப்ப இனிப்பை வைத்துவிட்டு, "நீங்களும் அஸ்ராவோட போறதெண்டா நான் அனுப்புவன். துணைக்கு ஒரு புள்ள இருந்தா மனசுக்கு நிம்மதி" என்றார். எதிரே அஸ்ரா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். மதுஷிகா வாயில் கரண்டியோடு, "நானும் சட்டந்தான் அங்கிள்" என்றாள்.

அப்பா சசிக்குமார் மட்டும் அவளிடம் எதுவுமே கேட்டதில்லை. கேட்காதவருக்கு அவள் எதையும் சொல்லவும் இல்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. "நாலு பேர்கிட்ட நாலு பொய்யா?" என்று அவளிடம் கேட்டேன். "பொய்னா தெரிஞ்சு சொல்லணுங்க சேர். நான் சொல்லும்போது அதுவாவே ஆகிடுறேன். அந்தாள் எந்திரிச்சுப் போனப்புறந்தான் இறங்கி வர்றேன்" என்றாள். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வரவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மீது சந்தேகம் வந்துவிட்டது.

கதாநாயகி என்றால் ஏதாவது ஒன்றை விரும்ப வேண்டும். பிறகு தடைகள் வரும், அவள் தாண்டுவாள், ஆசிரியர் மலரில் போடுவார். ஒன்றையும் விரும்பாத ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் எதைத் தாண்டவைப்பது? ஆகவே அவளுக்கு இரகசியமாக ஓர் ஆசையைச் செய்து வைத்தேன்:

யாருக்கும் தெரியாமல் மதுஷிகா ஒரு கனவை வளர்த்து வந்தாள். மாத்தளை–எல்கடுவ பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் தான் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை வளைத்து, பயணிகள் எல்லாரும் வாயடைத்து

[எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெண், பஸ், மலைப்பாதை! ஆண்டு மலர் என்ன, பரிசே கிடைக்கும் என்று நினைத்து அனுப்பினேன்.]

பதில்: "சேர், எனக்கு சைக்கிளே ஓட்ட வராதுங்க. பஸ்ல ஏறினா பின்னுக்கு இருந்தாலே பயம். நீங்களும் ஒஸ்வல்ட் மாமா மாதிரியே பண்றீங்களே?"

கொஞ்சம் வலித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு மறுபடி நடந்ததையே எழுதுகிறேன்.

5

பரீட்சைப் பெறுபேறு வந்தது. மதுஷிகாவுக்கு இரண்டு ஏ, ஒரு பி. அஸ்ராவுக்கும் நல்ல பெறுபேறு. லயமே திரண்டு வந்து வாழ்த்தியது. மதுஷிகாவுக்கும் சந்தோஷந்தான், அம்மா வாயைத் திறக்கும்வரை.

"பாஸாகினா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வஹகோட்டை அந்தோனியாருக்கு வர்றேன்னு நேர்ந்திருந்தேன். ஞாயித்துக்கிழம போறோம்" என்றாள் மார்ஜரி.

"எல்லாரும்னா யாரும்மா?"

"உனக்குச் செபம் சொல்லிக்குடுத்த சிஸ்டர் வர்றாங்க. வேன் அன்ஸார் நானாவோடது. வாடகையே வேணாம்னுட்டாரு, பாவம், எவ்வளவு நல்ல மனுஷன். அஸ்ராவும் வர்றா. மாமா சீகிரியாவில இருந்து நேரா அங்க வந்திருவான்."

மதுஷிகா பாயில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அந்த நான்கு பேரும் நான்கு பக்கமாக நிம்மதியாக இருந்தார்கள். இப்போது அவர்களை ஒரே கோவிலுக்குக் கூட்டிவந்து, ஒரே மரத்தடியில் உட்கார்த்திச் சோறும் போடப் போகிறாள் அம்மா.

"அம்மா, எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்குது."

"அந்தோனியார்கிட்ட வந்தாச் சரியாகும்."

6

அன்ஸாரின் வேன் கிராம்பும் ஏலக்காயும் ஏற்றுகிற வேன். உள்ளே உட்கார்ந்தால் வட்டிலப்பத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்பா சசிக்குமாருக்கு வாகனம் என்றாலே ஒத்துக்கொள்ளாது. அந்த வாசனையும் சேர்ந்துகொள்ள, வேன் கிளம்பும் முன்பே ஷொப்பிங் பேக் ஒன்றை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினார். முன்னால் அன்ஸாரும் அஸ்ராவும். நடுவில் சிஸ்டரும் மதுஷிகாவும். பின்னால் அம்மாவும் அப்பாவும், சோற்றுப் பார்சல்களும். (கோழியை மார்ஜரி மாத்தளை முஸ்லிம் கடையிலேயே வாங்கியிருந்தாள், எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமென்று.)

முதல் வளைவு தாண்டியதும் சிஸ்டர் பின்னால் திரும்பினார். "உங்க தியாகம் பெரிசுங்க மார்ஜரி. இருக்கிறது ஒரே மகள்."

"என்னங்க தியாகம் சிஸ்டர், மூணு வருஷந்தானே. லீவுக்கு லீவு வீட்டுக்கு வருவா" என்றாள் மார்ஜரி.

சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. "மூணு வருஷமா?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே!" என்று கத்தினாள் மதுஷிகா.

வேன் ஒரு கணம் ஆடிப்போனது. ஆனால் இப்படியொரு தொடக்கத்தைக் கேட்ட பிறகு ஒரு கத்தோலிக்கரால் சும்மா இருக்க முடியுமா? சிஸ்டரின் கை சிலுவை போடத் தானாக நெற்றிக்குப் போனது. மார்ஜரியின் கையும் போனது. அன்ஸார் மரியாதையாக வானொலியை நிறுத்தினார். மதுஷிகா பையிலிருந்து செபமாலையை உருவினாள்.

செபமாலையின் முதல் பகுதியான மகிழ்ச்சித் தேவ இரகசியங்கள் முடிந்தன. அம்மா மூச்சை இழுத்து, "இல்ல சிஸ்டர், நீங்க கேட்டது" என்று ஆரம்பிப்பதற்குள் துயரத் தேவ இரகசியங்கள் தொடங்கிவிட்டன. மாத்தளை நகரத்தைத் தாண்டும்போது மகிமை, பலாபத்வெலையில் திரும்பும்போது ஒளி. எல்லாம் தீர்ந்ததும் மாதா பிரார்த்தனை. பின் ஆசனத்தில் அப்பா மட்டும் ஷொப்பிங் பேக்கிலிருந்து தலையை எடுக்கிற நேரங்களில் ஓர் "ஆமென்" போட்டார்.

"ஒரு பிளேன்டீ குடிப்பமா?" என்று அன்ஸார் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். ஆபத்தான இடம். டீ கையில் இருந்தால் ஆட்கள் பேசுவார்கள். மதுஷிகா டீக்கு முந்திய செபம் சொன்னாள், டீக்குப் பிந்திய செபம் சொன்னாள். அப்படிச் செபங்கள் உண்டா என்பது சிஸ்டருக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி வேனில் ஏறியதும் மரித்த ஆத்துமாக்களுக்கான மன்றாட்டைத் தொடங்கினாள்.

"யாருடி செத்துட்டாங்க?" என்றாள் மார்ஜரி.

"பொதுவா எல்லாருக்காகவும் அம்மா."

சிஸ்டர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். தன் வாழ்நாளில் இப்படியொரு தேவ அழைத்தலை அவர் கண்டதில்லை. முன்னால் அன்ஸார் மகளிடம் மெல்லச் சொன்னார்: "பாத்தீங்களா மகள், என்ன ஒழுக்கமான புள்ள. இவளோட போனா ஒங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல." அஸ்ரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: செபிக்கச் செபிக்க அவள் உள்ளத்தில் ஓர் ஒளி உதித்து, தன் பாதை எதுவென்று

பதில்: "ஒளி ஒண்ணும் உதிக்கலீங்க சேர். தொண்டைதான் கட்டிப்போச்சு."]

உண்மைதான். கோவில் வாசலில் இறங்கியபோது அவளுக்குக் குரலே இல்லை.

7

அந்தோனியார் முன்னால் மதுஷிகா முழந்தாளிட்டாள். தொலைந்துபோனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். ஆனால் இன்னதைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால்தானே அவரும் தேடுவார். என்னத்தைத் தொலைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மரநிழலில் பார்சல்களைப் பிரித்து எல்லாரும் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள். த்ரீவீல் ஒன்று வந்து நின்றது. ஒஸ்வல்ட் மாமா இறங்கினார். கையில், பொலித்தீன் உறைக்குள், கருநீல நிறத்தில் ஒரு கோட். நெஞ்சுப் பக்கம் பித்தளையில் பெயர்ப் பட்டி: மதுஷிகா, வரவேற்பு.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான செய்தி!" என்று மாமா கைட் குரலில் அறிவித்தார். "அடுத்த மாசம் வேலையில சேருறா!"

"எங்க சேருறா?" என்றார் சிஸ்டர்.

"ஹோட்டல்ல சிஸ்டர். ரிசெப்ஷன்."

"ஹோட்டலா? எங்க சபையிலல்லவா சேருறதாச் சொன்னா?"

"ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்றாள் மார்ஜரி. "அவ கல்வியியற் கல்லூரிக்குப் போறா."

அன்ஸார் கையிலிருந்த சோற்றைப் பார்சலுக்குள் திரும்ப வைத்தார். "அப்ப கொழும்புக்கு?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மதுஷிகா வாயைத் திறந்தாள். ஒரு அருள்நிறைந்த மரியே போதும், தப்பித்துவிடலாம். காற்றுத்தான் வந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான்கு முகத்திலும் அவளுக்குத் தெரிந்த அந்த ஆசை இருந்தது. எந்த முகத்துக்கு ஆமாம் சொன்னாலும் மற்ற மூன்றும் விழுந்துவிடும். அவள் பயந்துகொண்டிருந்தது ஒருவரும் இல்லாத நேரங்களில் தனக்குள் கேட்கிற வெறுமைக்குத்தான். இப்போது அத்தனை பேருக்கு நடுவிலும் அது கேட்டது. ஆசையை இரவல் வாங்க முகம் ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"என்ன?" என்றாள் அம்மா. குரல் எட்டவில்லை.

மறுபடி சொன்னாள். "சத்தமா சொல்லும்மா" என்றார் மாமா. மூன்றாம் முறை அவள் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் இருந்த அஸ்ராதான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவளுக்குத் தெரியாதாம்" என்றாள் அஸ்ரா. சொல்லும்போது அவள் முகம் வெளிறியது. அந்த வார்த்தையோடு கொழும்பும் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியாதுன்னா? ரெண்டு ஏ எடுத்தவளுக்குத் தெரியாதா?" என்று மார்ஜரி எழும்பியே விட்டாள்.

ஒஸ்வல்ட் மாமா கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "அப்ப இத யாரு போடுறது?"

வேனை விட்டு இறங்கி உயிர்வந்து, இரண்டாவது பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "இங்க குடுங்க மச்சான்" என்றார். கையைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மதுஷிகா, வரவேற்பு என்ற பட்டியோடு சசிக்குமார் மீண்டும் உட்கார்ந்து கோழியைச் சாப்பிடத் தொடங்கினார்.

மார்ஜரி சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டு, சிரித்ததற்கும் சேர்த்துத் தம்பிமேல் பாய்ந்தாள். "எல்லாம் உன்னாலதான்டா. பிள்ளை மனசில ஹோட்டல் அது இதுன்னு போட்டது நீதான். நீ மட்டும் சின்னதில நினைச்சதத்தானே செய்யிற?"

மாமா புல்லில் உட்கார்ந்தார். "எங்கக்கா நினைச்சேன்? சீகிரியாவுக்கு ஒரு தடவ சுத்திப் பாக்கப் போனேன். ஒரு வெள்ளக்காரர் வந்து 'யூ கைட்?'னு கேட்டாரு. அவர் மூஞ்சியப் பாத்தேன். 'யெஸ்'னுட்டேன்."

மாமா புல்லைப் பிடுங்கத் தொடங்கினார்.

"இன்னும் ஒண்ணு சொல்றேன். நான் சீகிரியாக் குன்று உச்சிக்குப் போனதே இல்ல. உசரம்னாப் பயம். பாதி வழியில இருக்கிற சிங்கப் பாதத்தோட நின்னுக்கிட்டு, இனி நீங்க தனியாப் போனாத்தான் அமைதியா அனுபவிக்கலாம்னு அனுப்பிருவேன்."

* இதை எழுதலாமா என்று மாமாவிடம் அஸ்ரா கேட்டாளாம். "தாராளமா" என்றாராம். அவருக்கும் இல்லை என்று சொல்ல வராது.

8

இத்தோடு முடித்தால் கதை சிரிப்போடு போய்விடும். ஆனால் அன்ஸார் சிரிக்கவில்லை. "அப்ப சரி. அஸ்ரா கொழும்புக்குப் போற கதை இனி இல்ல" என்று அமைதியாகச் சொன்னார்.

மதுஷிகாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. நான் போறேன் அங்கிள் என்ற அந்த ஒரு வரி. அதைச் சொன்னால் அஸ்ராவின் முகம் மலரும். வாயைத் திறந்தேவிட்டாள்.

"நீ பேசாத" என்றாள் அஸ்ரா. கையில் குழம்போடு எழும்பி நின்று வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா, இவ வந்தா என்னை அனுப்புவீங்க. இவ யாரு? நாலு பேருக்கு நாலு கதை சொன்னவ. இவள நம்பினீங்க. நான் ஓ.எல். எழுதின நாள்ல இருந்து ஒரே கதையத்தான் சொல்றன். என்னை நம்பல்ல."

"அந்தப் புள்ள வழி முழுக்கச் செபம் செஞ்சத நான் என்ட கண்ணால..."

"அது நீங்க யாரும் கதைக்காம இருக்க, வாப்பா!"

"என்னது?" என்றார் சிஸ்டர் பெனடிக்டா.

மதுஷிகா தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் பெருமூச்சுவிட்டார். "என்ன காரணத்துக்குச் சொன்னாலும், நாலு தேவ இரகசியமும் நீ முழுசாச் சொன்னேதானே மகள். கணக்கில சேரும்" என்றார்.

அன்ஸார் வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "சாப்பாட முடிங்க, பொழுது போகுது" என்றார்.

திரும்பும் வழியில் செபம் இல்லை. பாதி வழியில் அன்ஸார் கண்ணாடியில் சிஸ்டரைப் பார்த்து, கரகரத்த குரலில் கேட்டார்: "சிஸ்டர், ஒங்கட ஆக்கள் கொழும்புல பொம்பளப் புள்ளைகளுக்கு விடுதி ஏதும் நடத்துறாங்களா?"

"நடத்துறாங்க. முஸ்லிம் பிள்ளைகளும் தங்கிப் படிக்கிறாங்க."

"கேட் எத்தன மணிக்குப் பூட்டுவாங்க?"

"பொழுது பட்ட உடனே" என்றார் சிஸ்டர்.

"மாஷா அல்லாஹ்" என்றார் அன்ஸார். "வீட்டில இருந்து என்னோட வாதாடுறத விட, இவ அங்க போய் வாதாடட்டும்."

அஸ்ரா பின்னால் திரும்பி மதுஷிகாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். கோபத்தில் கொஞ்சம் கிள்ளவும் செய்தாள்.

9

மலராசிரியர் அழைக்கிறார். முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார். சில முடிவுகளைத் தயாரித்துப் பார்த்தேன்.

(அ) ஆண்டுகள் பல கடந்தன. வெள்ளை அங்கியும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக டொக்டர் மதுஷிகா

[அவள் கலைப்பிரிவு. டொக்டராக்க வழியில்லை. மலராசிரியரிடம் சொன்னேன். "கதைதானே சேர்" என்கிறார்.]

(ஆ) இறுதியில் சிஸ்டர் பெனடிக்டாவின் மன்றாட்டு வீண்போகவில்லை

[சிஸ்டர் இன்னும் கைவிடவில்லை என்று கேள்வி.]

(இ) தாயின் கண்ணீரைத் துடைக்க அவள்

[இதற்கு மட்டும் நீளமான குரல் செய்தி வந்தது. வஹகோட்டையிலிருந்து வந்த பிறகு அம்மா பல நாள் பேசவில்லையாம். பிறகு ஒரு நாள் சோறு போடும்போது, "தெரியாட்டித் தெரியாதுன்னு முன்னமே சொல்லியிருக்கலாந்தானே?" என்றாளாம். "சொன்னா அழுவீங்க." "இப்ப மட்டும் சிரிச்சேனா?" "சிரிச்சீங்க. அப்பா கோட்டுப் போட்டப்ப." அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சிரித்தாளாம். அந்தக் கோட்டை அப்பா குளிர் நாட்களில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறாராம், பட்டியோடு.]

இப்போதைய நிலவரம் இவ்வளவுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தை மதுஷிகா தானே தனியாக உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவிட்டாள். எதை முதலில் போட்டாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. காலையில் பிள்ளை மடுவத்தில் அம்மாவுக்கு உதவி செய்கிறாள். யாராவது "அடுத்து என்ன?" என்றால் "யோசிச்சுச் சொல்றேங்க" என்று பதில் சொல்லப் பழகுகிறாள். பத்துத் தடவையில் ஒரு தடவை சரியாக வருகிறதாம்.

போன வாரம் அவளுக்கு எழுதினேன்: எனக்கு முடிவு வரவில்லை, என்ன செய்யலாம்?

உடனே பதில் வந்தது. "நானே எழுதித் தரட்டுங்களா சேர்? எனக்கும் ஒங்கள மாதிரி எழுத்தாளராகணும்னுதான் ஆசை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நாள் ஒளிந்திருந்த இலட்சியம் இதுதானா? நல்ல பேனா ஒன்று வாங்கினேன். இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வைத்தேன். மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அஸ்ரா சிரித்தது போலவே சிரித்தாள்.

முடிவு இன்னும் வந்து சேரவில்லை. மலர் நாளை அச்சுக்குப் போகிறது. ஆகவே கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வாசிக்கிற உங்களுக்கு இதற்குள் அவளை என்னவாக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கும், எனக்குத் தெரியும். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். அவள் வந்து அழிக்க வேண்டியிருக்கும்.

மதுஷிகா ____________________